வலது கை வைத்தியர்

"ஐயோ... பாத்து வரக் கூடாதா?"

கத்தியது அவன். குத்தியது அவள்... அதாவது, அவள் கையில் இருந்த நீளமான அட்டைக் குழாய். மழைக்குப் பயந்து தலையைக் குனிந்தபடி ஓடிவந்தவள், காகிதக் கடையின் முன்கூரைக்குள் நுழைந்த வேகத்தில் அவன் விலாவிலேயே இடித்துவிட்டாள்.

"ஸாரி... ஸாரி... பலமா பட்டுடுச்சா?" என்று வாய்தான் கேட்டது. கண்கள் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. மூடிக்குள் ஈரம் இறங்கவில்லை. அப்பாடா!

"குழாய்க்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் அவன், விலாவைத் தேய்த்துக்கொண்டே. "ஆகலைன்னா சொல்லுங்க. நானும் நிம்மதியா வலியை அனுபவிக்கிறேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... உதட்டில் அடக்கிய சிரிப்பைக் கண்களில் தப்பவிட்ட முகம். அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சட்டென்று மழையைப் பார்க்க ஆரம்பித்தாள். மழையில் அப்படி என்ன இருந்ததோ, அவளுக்கே வெளிச்சம்.

ஓரக்கண் மட்டும் சும்மா இருக்குமா? அவன் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினான். உள்ளே கைவிட்டு, பத்திரமாக எதையோ வெளியே எடுத்தான். ஒரு புத்தகம். அட்டையில் கருநீல இருட்டு... ஒற்றை விளக்கு... அதன் வெளிச்சத்தில் பாதி முகம் தெரியும் ஒரு பெண்.

'விளக்குக்காரி துப்பறிகிறாள் - முதல் கதை.'

அவளுடைய புத்தகம்! ஒரு வருஷமாகக் கழுத்து வலிக்க வலிக்க அவள் வரைந்த படக்கதை! அந்தக் காலத்து அரண்மனை ஒன்றில் நடக்கும் கொலைகளை, விளக்கேற்றும் வேலைக்காரி ஒருத்தி துப்புத் துலக்கும் புதுத் தொடர். இன்று மாலைதான் வெளியீடு. அச்சான பிரதியை அவளே இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. வெளியீட்டு மேடைக்கான ஓவியத்தைத்தான் குழாயில் வைத்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குள் முன்பின் தெரியாத ஒருவன்... தான் நனைந்து அதை நனையாமல் காப்பாற்றியிருக்கிறான்!

பெருமையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவன் படிக்க ஆரம்பித்தான். ஒரு பக்கத்தில் சிரித்தான். இன்னொன்றில் படத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். 'தொடு... நல்லாத் தொடு... அந்தக் கோட்டை மதிலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்' என்று மனசுக்குள் குதித்தாள். திடீரென்று அவன் விரல் நின்றது. புருவம் சுருங்கியது.

"அடடா... கெட்டுது போ!"

பொறுக்க முடியவில்லை அவளால். "என்ன சார், கதை பிடிக்கலையா?"

"கதையா? கதை பிரமாதங்க." சொன்ன விதத்தில் கொஞ்சம் கூடுதல் பெருமை தெரிந்ததோ?

"அப்போ படம்?"

"படம் அதை விடப் பிரமாதம். அதான் வயித்தெரிச்சல். இங்க பாருங்க, இந்த அரண்மனை வைத்தியர் இடது கைக்காரர். எதிர்ல நின்னு குத்தினவன் இடது கைக்காரனா இருந்தாத்தான் வலது விலாவுல காயம் விழும்னு சொல்லித்தான் விளக்குக்காரி கடைசியில அவரைப் பிடிக்கிறா. புத்தகம் பூரா எல்லாத்துக்கும் இடது கைதான். இந்த ஒரு கட்டத்துல மட்டும்..."

எட்டிப் பார்த்தாள். வைத்தியர் வலது கையில் எழுத்தாணியைப் பிடித்து ஹாயாக எழுதிக்கொண்டிருந்தார். அவள் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். வலது கையேதான்.

"வரைஞ்ச ஆளு பாதித் தூக்கத்துல வரைஞ்சிருக்கார்" என்றான் அவன்.

அதிர்ச்சி போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"தூக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல! எழுதுனவரு கடைசி நேரத்துல வசனத்தை மாத்திட்டாரு. முதல்ல பேசுற ஆளு இடது பக்கம் இருந்தாத்தான் படிக்கிறவங்களுக்கு வசனம் வரிசையா வரும். வலது பக்கம் உக்காந்திருந்த வைத்தியர் வாயில முதல் வசனத்தைத் திணிச்சா என்ன பண்றது? கட்டத்தையே கண்ணாடியில பாக்கிற மாதிரி திருப்பிப் போட்டாச்சு. ஆளு பக்கம் மாறுனா கையும் மாறத்தானே செய்யும்? அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது..."

"எந்தப் பெரியவர்?"

"எழுதுனவர்தான். வயசானவர், பாவம்."

அவன் புத்தகத்தை மெல்ல மூடினான். "எனக்கு இன்னும் முப்பது முடியலைங்க."

இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"அந்த 'ஐயா'... நீங்களா?"

"அந்த 'சார்'... நீங்களா?"

இதெல்லாம் பதிப்பக ஆசிரியரம்மாவின் திருவிளையாடல். எழுதுகிறவரும் வரைகிறவரும் புத்தகம் வெளிவரும் வரை சந்திக்கவே கூடாது என்பது அந்தம்மா பதிப்பகத்தில் வைத்திருந்த சட்டம். முகம் பார்த்துப் பழகினால் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து வேலையைக் கெடுத்துவிடுவார்களாம்! அட்டையில்கூடப் புனைபெயர்கள்தான். எல்லாப் பேச்சும் பக்க ஓரத்துக் குறிப்புகளில், ஆசிரியரம்மா கை வழியாக. 'ஐயா, ஒரே கட்டத்தில் நாற்பது குதிரைகளை நிறுத்த முடியாது, மன்னிக்கவும்' என்று இவள் எழுதுவாள். 'சார், நாலு குதிரையும் நிறையப் புழுதியும் போதும்' என்று அங்கிருந்து பதில் வரும். அந்தச் செந்தமிழ் வசனங்களை எழுதுகிறவர் எப்படியும் தலை நரைத்தவர் என்று இவள் முடிவு கட்டியிருந்தாள். இவ்வளவு புழுதி கிளப்புகிறவர் மீசை வைத்தவர் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

இருவரும் சிரித்தார்கள். கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

அவள் சிரிப்புதான் முதலில் அடங்கியது. "ஐயோ... எங்க அப்பா!"

"எங்க?" என்று அவன் பதறித் திரும்பினான்.

"இங்க இல்ல. சாயங்காலம் வராரு."

அப்பா நாளிதழ் ஒன்றில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்தியவர். இப்போது ஓய்வு. கண்ணுக்கு மட்டும் ஓய்வில்லை. மருந்துச் சீட்டில் இருந்த எழுத்துப்பிழையை டாக்டரிடமே திருத்திக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். மகள் 'பொம்மை போடுவது' அவருக்கு ஒரு வேலையாகவே படவில்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்திருந்தார்: "இந்த ஒரு புத்தகம் வரட்டும். நான் பாக்கறேன். குறை சொல்ல முடியாதபடி இருந்தா வரை. இல்லைன்னா பேசாம சித்தப்பா ஆபீஸ்ல சேர்ந்துடு." அவளும் ரோஷத்தோடு தலையாட்டியிருந்தாள். அத்தனையையும் அவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"புத்தகத்துல ஒரே ஒரு கட்டம். யாரு கண்ணுல படப்போகுது?" என்றான் அவன்.

"எங்க அப்பா கண்ணுல படும்."

அதைக் கேட்டதும் அவன் முகத்தில் விளையாட்டு போய்விட்டது. "கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வான் என்று கேட்பதற்குள் மழை விட்டுவிட்டது. அரங்கம் வரை குழாயை அவன்தான் தூக்கி வந்தான். பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி, இரண்டு கையாலும்.

மாலையில் அரங்கத்துக்குள் நுழைந்தபோது அவளுக்கு ஒரு கணம் எல்லாப் பயமும் மறந்துபோனது. மேடையின் பின்சுவர் முழுக்க அவளுடைய விளக்குக்காரி! மேஜையில் அடுக்கடுக்காகப் புத்தகங்கள். கல்லூரிப் பெண்கள் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார்கள். "முடிவைச் சொல்லித் தொலைக்காதடி" என்று ஒருத்தி இன்னொருத்தியின் வாயைப் பொத்தினாள். 'நான் வரைஞ்சது... இதெல்லாம் நான் வரைஞ்சது...' நெஞ்சு விம்மியது.

அப்பா கடைசி வரிசையில் இருந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து, வாசலிலேயே ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். மூக்கின் நுனியில் கண்ணாடி. வரிக்கு வரி ஆள்காட்டி விரல் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த விரலை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவளுடைய வீட்டுப்பாட நோட்டுகளில் நடமாடிய விரல்.

ஆசிரியரம்மா பேசினார். அவன் பேசினான். அவளும் ஏதோ பேசினாள். "கேள்விகள் இருந்தா கேக்கலாம்" என்று ஆசிரியரம்மா சொல்லி முடிக்கவில்லை... கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"இருபத்தாறாம் பக்கம், மூணாவது கட்டம். வைத்தியர் வலது கையால எழுதறார். ஏன்?"

அரங்கம் முழுக்கச் சரசரவென்று பக்கங்கள் புரண்டன. "ஆமா... ஆமால்ல..." என்று முணுமுணுப்பு எழுந்தது.

மேடையில் அவள் பக்கத்தில் இருந்தவன் மைக்கை எடுத்தான். "அது என் தப்புங்க. கடைசி நேரத்துல வசனத்தை மாத்தினது நான். அதனால வந்த குழப்பம். வரைஞ்சவங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

இதைத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றானா!

தப்பித்தோம் என்றிருந்தது அவளுக்கு. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பழி அவனோடு போகும், சித்தப்பா ஆபீஸும் போகும். அப்பா ஒன்றும் சொல்ல முடியாது. பேசாமல் உட்கார்ந்திரு... உட்கார்ந்திரு... ஆனால் 'சம்பந்தமே இல்ல' என்ற வார்த்தை முள்ளாகக் குத்தியது. சம்பந்தம் இல்லையா? அந்த மதில் யாருடையது? அந்தப் புழுதி யாருடையது? அந்த ஒரு கட்டம் தன்னுடையது இல்லை என்றால் மற்றதை எந்த வாயால் தன்னுடையது என்று சொல்வது?

அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"சம்பந்தம் இருக்குப்பா. வசனத்தை மாத்தினது அவரு. கட்டத்தைத் திருப்பிப் போட்டது நான். எழுத்தாணியை மட்டும் இடது கைக்கு மாத்தி வரைஞ்சிருந்தா சரியாப் போயிருக்கும். அவசரத்துல பாக்காம விட்டுட்டேன். இந்தப் புத்தகத்துல இருக்கற ஒவ்வொரு கோடும் என்னோடது. இந்தத் தப்பும் என்னோடதுதான்."

அப்பா நின்றுகொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் என்னை மிச்சத்தைப் பேச விடுவீங்களா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது.

"ரெண்டு தடவை படிச்சேன்" என்றார் அப்பா. "முதல் தடவை தப்புத் தேடிப் படிச்சேன். ஒண்ணு கிடைச்சுது. இன்னொண்ணு கிடைக்காமலா போகும்னு மறுபடி ஆரம்பிச்சேன். பாதியில, தேடுறதையே மறந்துட்டேன். அடுத்து என்ன ஆகும்னு பக்கத்தைப் புரட்டிட்டு இருந்தேன். முடிவு தெரிஞ்ச கதையை!" தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேற தப்பு இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். மற்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. அவளுக்குத் தெரியும்... அந்த வாயிலிருந்து அந்த மூன்று வார்த்தைகள் யாருக்காகவும் வந்ததில்லை. உட்காரப் போனவர், பக்கத்து இருக்கைக்காரர் பக்கம் சாய்ந்து சொன்னது மேடை வரைக்கும் கேட்டது: "வரைஞ்சது என் பொண்ணு."

கைதட்டல் எப்போது ஆரம்பித்தது, எப்போது ஓய்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. கண் முன்னால் எல்லாமே நீரில் கலைந்து தெரிந்தது.

கூட்டம் கலைந்தபோது அப்பா ஒரு பை நிறையப் புத்தகங்களை அடைத்துக்கொண்டிருந்தார். "எங்க பழைய ஆபீஸ் ஆளுங்களுக்கு. முடிஞ்சா தப்புக் கண்டுபிடிங்க பாப்போம்னு குடுக்கப் போறேன். அந்த ஒண்ணை நானே முதல்லயே சொல்லிடுவேன், அது வேற" என்றார். பிறகு, எங்கோ பார்த்தபடி, "ரெண்டாவது கதை எப்போம்மா?" என்று கேட்டார். சித்தப்பா ஆபீஸ் பற்றி மூச்சே விடவில்லை.

அவன் ஜன்னலோரமாகத் தனியாக நின்றிருந்தான். நேரே போய் எதிரில் நின்றாள்.

"எனக்குச் சம்பந்தமே இல்லைன்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"உங்களைக் காப்பாத்தறதா நினைச்சேன்..."

"காப்பாத்தல. என் வேலையை என்கிட்டேருந்து பிடுங்கப் பாத்தீங்க."

அவன் தலையாட்டினான். "நீங்க பேசினப்போதான் அது உறைச்சுது. தப்பு பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க என் கையிலேருந்து மைக்கைப் பிடுங்கினீங்க பாருங்க... எனக்கு இந்தப் புத்தகம் வந்ததை விட அதுதாங்க பெருமையா இருந்துச்சு."

அவளுடைய கோபம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ... தேடியும் கிடைக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றான் அவன். "படகுத்துறையில மழை பெய்யுற ரெண்டு பக்கம் இருக்குல்ல..."

"இல்லாம? என் கையை ஒடிச்ச மழை. ஒரு வசனம்கூட இல்லாத ரெண்டு பக்கம்!"

"கதைக்கு அது தேவையே இல்ல."

"என்னது?!"

"அதுக்கு முந்தி ஒரு கட்டத்துல, மூலையில, யாருமே கேக்காம நீங்களா கொஞ்சம் தூறல் போட்டிருந்தீங்க. அதைப் பாத்ததிலேருந்து எனக்கு ஒரே ஆசை. இந்தக் கை முழுசா ஒரு மழையை வரைஞ்சா எப்படி இருக்கும்னு... அதுக்காகவே எழுதினேன். அந்தப் பக்கம் வந்த அன்னிக்கு எனக்கு வேற வேலை ஓடல. அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் அந்தக் கைக்காக எழுதினதுதான். முகத்தை இன்னிக்குத்தாங்க பாத்தேன். மனசு எப்பவோ போயாச்சு."

"அப்போ... வரையறது ஒரு சார்னு நினைச்சிட்டு இருந்தீங்களே!"

"அதான்... ரொம்பக் குழம்பிப் போயிருந்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் ஆசிரியரம்மா அங்கிருந்தே திரும்பிப் பார்த்தார். சட்டம் போட்ட அம்மாவுக்கு இனி வேலை இல்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் அவளுக்கு அவனை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. இருந்தும் பார்த்தாள். இன்று எதற்கும் தலை குனிவதாக இல்லை அவள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு... உங்களை. ஆனா இப்பவே சொல்லிடறேன். இனிமே என் தப்பு என் தப்பு. நீங்க நடுவுல வரக் கூடாது."

"சரி."

"என் மழையும் என் மழை."

"அது மட்டும் முடியாது" என்றான் அவன் மெதுவாக. "அது நம்ம ரெண்டு பேரோடது."

ஒரு வருஷமாக அவன் எழுதியதற்கெல்லாம் சுடச்சுடப் பதில் எழுதியவள்... இந்த ஒன்றுக்கு மட்டும் மசிக்கறை போகாத தன் வலது கையை அவனிடம் நீட்டினாள். அவன் பற்றிக்கொண்டான்.