காவலில்லாத சிப்பாய்

தூத்துக்குடி தீர்வு மன்றத்தில் காலை பத்து மணிக்கெல்லாம் பாதி மேசைகள் காலி. வெள்ளை நகர்த்தும், கறுப்பு நகர்த்தும், டிரா, கைகுலுக்கல், கேன்டீனில் ஒரு டீ. வழக்கு முடிந்தது.

குடும்ப வழக்கைச் சதுரங்கத்தில் தீர்ப்பதா என்று திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். வாய்தா வாங்கியே தலை நரைத்த சனங்கள் கேட்டு வாங்கிய சட்டம் இது. முதலில் மனு போட்டவருக்கு வெள்ளை. டிரா ஆனால் வெள்ளை கேட்டதே தீர்ப்பு. எல்லோருக்கும் எல்லாவற்றையும் யோசித்துச் சொல்லும் துணையறிவுக் கருவியை மன்றத்துக்குள் அணைத்துவிடுவார்கள்தான். ஆனால் சின்ன வயதிலிருந்து அது ஊட்டிய பிசகில்லாத ஆட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் எல்லாமே டிரா. கறுப்பு ஜெயித்து யாரும் பார்த்ததில்லை.

பெனிட்டாவுக்குக் கறுப்பு. எதிரே அவளைப் பிரிந்துபோன கணவன் கிளாட்வின். குலசேகரன்பட்டினத்திலிருந்து நிலா நகரத்துக்குக் கிளம்பும் கலத்தில் மகள் ஷைனியையும் கூட்டிப்போக மனு போட்டிருந்தான். போனவர்கள் திரும்ப வழியில்லை.

இருவரும் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை நகர்த்தினார்கள். அவன் குதிரையை இறக்கி அவள் சிப்பாயைக் குறிவைத்தான். அதைக் காக்க வேண்டும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பெனிட்டா காக்கவில்லை. பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ராஜாவின் விலாவையும் திறந்து போட்டாள். லாட்வியன் கேம்பிட், சிப்பாயைப் பலிகொடுத்துத் தொடங்கும் ஆட்டம். குப்பை என்று துணையறிவு எப்போதோ ஒதுக்கியது. ஐயோ, பிள்ளையை வைத்துச் சூதாடிவிட்டேனே என்று நினைத்தபடியே கடிகாரத்தை அமுக்கினாள்.

"என்ன இது?" என்றான் கிளாட்வின்.

"ஆட்டந்தான். ஆடுங்க."

அவன் கை குதிரை வரை போனது, திரும்பியது. மறுபடி போனது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தரம் பார்க்கிறவள் சும்மா ஒரு சிப்பாயைக் கொடுப்பாளா? அவன் நெற்றியில் ஓடுவதை அவளால் படிக்க முடிந்தது. யோசிக்கும் வழக்கமே ஒழிந்துபோனதால் கடிகாரத்தில் ஆளுக்குப் பத்து நிமிடந்தான். அவன் யோசித்துக்கொண்டே இருந்தான்.

"நேரம் முடிஞ்சிட்டு. கறுப்புக்கு வெற்றி" என்றார் நடுவர், தன் வாயைத் தானே நம்பாமல்.

பெனிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்தப் பொறி என்னன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றான் கிளாட்வின்.

"பொறியெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா எடுத்திருக்கலாம்லா."

"நீ தப்பே பண்ண மாட்டியே, பெனிட்டா!"

"தப்பில்லாம ஆடுனா பிள்ள போயிருவாள்லா."

அவன் பலகையையே பார்த்தான். "அப்ப இவ்ளோ நேரம் எதப் பாத்துப் பயந்தேன்?"

"ஷைனி வெளியதான் நிக்கா. பாத்துட்டுக் கிளம்புங்க" என்றாள் பெனிட்டா.

கிளாட்வின் எழவில்லை. குதிரையைத் தூக்கி, அந்தச் சிப்பாயை இப்போதுதான் வெட்டினான்.