கொக்கி மாட்டும் சத்தம்

"மேடம்... உங்க ஹெல்மெட் வார் தொங்குது பாருங்க!"

சாரத்தின் உச்சியிலிருந்து வந்தது குரல். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டட வேலைக்காரர்களுக்கெல்லாம் பாதுகாப்புப் பாடம் எடுக்கிறவள் அவள். அவளுக்கே பாடமா? பழைய நூலகத்தைப் புதுப்பிக்கும் இந்த இடத்துக்கு இன்றுதான் முதல்முறை வருகிறாள். அதற்குள் இப்படி ஒரு வாய்க்கொழுப்பா?

தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். வார் தொங்கத்தான் செய்தது. அசடு வழிய நிமிர்ந்தாள். தூறல் கண்ணில் விழுந்தது. சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். அந்தக் குறும்புக் கண்கள்... அந்தச் சிரிப்பு...

அவனேதான்!

அன்றும் இப்படித்தான் தூறிக்கொண்டிருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு கட்டடத்தின் வாசலில் காலை வைத்ததுதான் தாமதம், மேலிருந்து ஒரு மஞ்சள் ஹெல்மெட் காலடியில் வந்து விழுந்தது. வெலவெலத்துப் போனவள், விசிலை ஊது ஊதென்று ஊதி மொத்த வேலையையும் நிறுத்திவிட்டாள்.

சாரம் கட்டும் மேஸ்திரி, வெறுந்தலையைச் சொறிந்துகொண்டே இறங்கி வந்தான்.

"குனிஞ்சேன்... விழுந்துடுச்சுங்க."

"வாரை மாட்டியிருந்தா விழுமா? சரி, இடுப்புல பெல்ட் இருக்கே, அதோட கொக்கியை எங்கே மாட்டியிருந்தீங்க?"

"சின்ன வயசுலேர்ந்து ஏறுறேன் மேடம். எனக்கு எதுக்குக் கொக்கி?"

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அப்பா பெயிண்டர். வேலைக்குப் போன இடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவர், வீடு திரும்பவே இல்லை.

மறுநாளிலிருந்து அவள் கடந்து போகும்போதெல்லாம் மேலே 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

"கேட்டுச்சா, விசில் மேடம்?"

"என் காது நல்லாத்தான் இருக்கு!"

அதைக் கேட்பதற்காகவே வேலையில்லாமல் அந்தப் பக்கம் சுற்ற ஆரம்பித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் பெண் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நான் வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்தது போதும்ப்பா. உயரத்துல நிக்கிறவருக்கு என் பொண்ணைத் தரமாட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்கும் அதே பயம்தான்...

"இந்த வேலையை விட்டுடுவீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுவாரமே அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

இப்போது இறங்கி வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டிலும் கொக்கியைக் கழற்றி, அடுத்த கம்பியில் மாட்டி... க்ளிக்... க்ளிக்... காதோரம் நரைத்திருந்தது அவனுக்கு. ஹெல்மெட் வார் இறுக்கமாக மாட்டியிருந்தது.

"இன்னும் ஏறுறீங்களா?"

"ஏறுறேன். ஆனா கொக்கி மாட்டாம ஒரு படிகூட ஏறுறதில்லை. மாட்டும்போதெல்லாம் காதுல ஒரு விசில் கேக்கும். என் ஆளுங்களையும் மாட்டாம ஏற விடமாட்டேன்." ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "வேற யாரையும் கட்டிக்கவும் தோணலைங்க."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. மழை இருந்தது நல்லதாகப் போயிற்று.

"எந்தக் கட்டடத்துக்குப் போனாலும்... அந்தச் சத்தம் கேட்டா நிமிர்ந்து பார்ப்பேன். நீங்களா இருக்குமோன்னு. அன்னைக்கு நான் பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க எங்கே, எப்படி இருக்கீங்கன்னே தெரியாம இத்தனை வருஷம்... அதை இனிமே என்னால தாங்க முடியாது. எனக்கு நீங்க வேணும்."

அவன் பார்வை அவள் தாடைக்குக் கீழே தொங்கிய வாருக்குப் போயிற்று. பிறகு மெல்லச் சொன்னான்: "முதல்ல அந்த வாரை மாட்டுங்க."

அழுகையும் சிரிப்புமாக மாட்டிக்கொண்டாள்.

"அம்மா...?" என்று இழுத்தான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. இந்தத் தடவை நான் பேசுறேன்."

"அதே மாடி வீடுதானே? மழையில படியெல்லாம் வழுக்குமே..."

"கைப்பிடியைப் பிடிச்சுட்டு ஏறி வாங்க" என்றாள் அவள்.