நூறு காட்டாத மீட்டர்

துலுக்கானம் விறகு அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தார். குபுகுபுவென்று கரும்புகை கிளம்பியது. தட்டை வெளியே இழுத்தவர் அப்படியே சிலையாகிவிட்டார்.

தட்டில் பன் இல்லை. அறுபது கரித்துண்டுகள் இருந்தன.

"அய்யய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் புஷ்பா. அவள் ஆறாம் வகுப்பு. திருமுல்லைவாயிலில் இருக்கும் அந்த பேக்கரி அவள் அப்பா நாகேந்திரனுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. இப்படி ஒரு கோரத்தை அவள் பார்த்ததே இல்லை.

நாகேந்திரன் ஓடி வந்தார். "இன்னா துலுக்கானம் இது? தூங்கிட்டியா?"

"இல்ல அண்ணாத்தே. அனல் மீட்டர் இருநூறு டிகிரிதான் காட்டிச்சு. பார்த்துகினேதான் இருந்தேன்."

"அது நேத்து மாட்டின புது மீட்டர். பொய் சொல்லுமா?"

"கதவாண்ட கைய வெச்சப்பவே அனல் ஜாஸ்தியா கீதேன்னு நெனச்சேன். நீதான மீட்டர நம்புன்னு சொன்ன?"

"ஓ, இப்போ தப்பு என்னுதா?"

எட்டு வருடமாக அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு வந்த துலுக்கானம், தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

புஷ்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நைனா, மாமா போறாரு!"

"போவட்டும்."

ஆனால் கோவில்பதாகைப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு மத்தியானம் நூறு பன் கொடுத்தாக வேண்டும். அதற்காக உப்பி நின்ற நூறு மாவு உருண்டைகள் வேறு தட்டுகளில் காத்திருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் போனால் அமுங்கிவிடும்.

புஷ்பா யோசித்தாள். அனல் அதிகம் என்று மாமாவின் கை சொன்னது. இல்லை என்று மீட்டர் சொன்னது. இரண்டில் எது பொய்?

பழைய மீட்டர் அலமாரியில் கிடந்தது. கண்ணாடியில் விரிசல் விழுந்ததால் கழற்றிப் போட்டது. அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அங்கே உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மீட்டரின் பின்பக்கக் கம்பியை உள்ளே விட்டாள்.

"அடிப்பாவி! சோத்து உலைல இன்னாத்தடி உடுற?" என்று அலறினாள் அம்மா எல்லம்மா.

"இரும்மா! தண்ணி நூறு டிகிரில கொதிக்கும்னு புக்குல கீது!"

முள் மெல்ல ஏறியது. சரியாக நூறில் நின்றது.

"நைனா! அடுப்புல கீற மீட்டரக் கழட்டிக்கினு வா!"

"உனக்கு வேற வேல இல்ல?" என்று முணுமுணுத்தாலும், சாக்குத்துணியைச் சுற்றிப் பிடித்துக் கழற்றிக்கொண்டு வந்தார் நாகேந்திரன். சூடு இறங்கட்டும் என்று காத்திருந்து, கம்பியை உலையில் விட்டார்.

முள் நாற்பதில் நின்றது. தட்டினார். நகரவில்லை. தண்ணீரோ கொப்புளம் கொப்புளமாகக் கொதித்தது.

"அறுபது கம்மியா காட்டுது நைனா. இருநூறுன்னு அது சொன்னப்போ உள்ள எரநூத்தி அறுபது!"

நாகேந்திரனின் முகம் வெளுத்தது. அந்த மீட்டரை வாங்கியவர் அவர். மாட்டியவரும் அவர்தான்.

உடனே சைக்கிளை எடுத்தார். புஷ்பா பின்னால் தொற்றிக்கொண்டாள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் துலுக்கானம் உட்கார்ந்திருந்தார். நாகேந்திரன் எதிரே போய் நின்றார்.

"துலுக்கானம்... தப்பு என்னுதுப்பா. மீட்டர்தான் கோளாறு. உன்ன பேசினது தப்பு. வந்துடு."

துலுக்கானத்தின் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. எட்டு வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை!

"யாரு அண்ணாத்தே கண்டுபிடிச்சது?"

நாகேந்திரன் மகளைக் காட்டினார். துலுக்கானம் வாயைப் பிளந்தார்.

பழைய மீட்டர் மறுபடியும் அடுப்பில் ஏறியது. கதவைத் திறந்து வைத்து, தணலைக் கிளறி ஒதுக்கி, முள் இருநூறுக்கு இறங்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள். பிறகு தட்டுகள் உள்ளே போயின.

கதவு திறந்தது. நூறு பன்னும் பொன்னிறத்தில் பளபளத்தன.

சாயங்காலம் புது மீட்டர் வாங்க அம்பத்தூர் கடைக்குப் போனார்கள். நாகேந்திரன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போடப் போனார்.

"இரு நைனா," என்றாள் புஷ்பா. பிறகு கடைக்காரரைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள்: "அண்ணே, கொஞ்சம் கொதிக்கிற தண்ணி கிடைக்குமா?"