கேஸ் வண்டியின் மூளை

சாவியை உருவி ஜிப்பாப் பையில் போட்ட பிறகும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரமில்லை. விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று இன்னும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் விருந்தாளியைப் போல ஒரு சின்ன உறுமல், அப்புறம் அடங்கியது. யாராவது பார்த்தார்களா என்று மட்டும் துரைராசு பார்த்துக்கொண்டார். திருவாரூர் மண்டப வாசலில் நின்றவர்கள் அவருடைய பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவர் தோளில் கலப்பையோடு சிரித்தார். கலப்பை ஸ்டுடியோக்காரருடையது. கீழே பொன்னிற எழுத்தில் ‘நெல் வேந்தர்’. அன்றைக்கு அந்தப் பட்டத்தை வழங்கப்போவது அகில டெல்டா உழவர் பேரவை. அதற்குத் தலைவரும் அவரே என்பதால் தேர்வில் குழப்பம் ஏதும் ஏற்படவில்லை.

குழப்பியது வண்டி ஒன்றுதான். காலையில் தஞ்சாவூர் பைபாஸில் நடு ரோட்டில் நின்றுவிட்டது. ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்த மெக்கானிக் ரிஃப்கா, கொட்டாவி விட்டபடி தீர்ப்புச் சொன்னாள்.

“ஈசிஎம் போச்சுங்க. வண்டிக்கு அதுதான் மூளை. இன்ஜினுக்கு எப்ப டீசல் விடணும், எவ்வளவு விடணும்னு அதுதான் சொல்லும். புதுசு வர மூணு வாரம் ஆகும்.”

“சாயங்காலம் எனக்குப் பட்டம் குடுக்குறாங்கம்மா!”

“ஒரு டாக்ஸி வச்சுக்கங்களேன்.”

ஐராவதத்தை விட்டுவிட்டு ஆட்டோவில் வரச் சொல்லப்பட்ட இந்திரனைப் போல அவளைப் பார்த்தார் துரைராசு.

கடைசியில் அவளே உள்ளேயிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒரு அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்தாள். இதே மாடல், இதே வெள்ளையில் கோர்ட்டில் ஏலம் போன கேஸ் வண்டியிலிருந்து கழற்றியது. என்ன கேஸ் என்று துரைராசு கேட்கவில்லை. அவருடைய டிரைவர் கேட்டான். கேட்டுவிட்டு, திடீரென்று வயிற்றுவலி என்று சொல்லி பஸ் ஏறிவிட்டான்.

“மாட்டிட்டேன். ஆனா பழைய வண்டியில கத்துக்கிட்டதெல்லாம் இதுக்குள்ளயே இருக்கும். அத அழிச்சுட்டு உங்க வண்டிய இதுக்குச் சொல்லிக்குடுக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க,” என்றாள் ரிஃப்கா.

துரைராசு வாட்சைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். “அழிக்கிறதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். நாலரைக்குள்ள ஸ்டார்ட் பண்ணிக் குடும்மா. ராகு காலத்துல மூளை மாத்தின வண்டி விளங்குமா?”

“அழிக்காம எடுக்கக் கூடாதுங்க.”

“இப்ப ஓடுமா, ஓடாதா?”

“ஓடும்.”

டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழங்கள் நசுங்க, நல்ல நேரத்தில் வண்டி கிளம்பியது.

பட்டமளிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது, மைக் போனது. மைக் இல்லாத துரைராசுவின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. பிரியாணிப் பொட்டலம் கைக்கு வந்ததும் கூட்டம் கலைந்தது. முலாம் பூசிய கிரீடத்தைப் பக்கத்து சீட்டில் வைத்தார். வண்டி கீங் கீங்கென்று கத்தியது. கிரீடத்துக்கும் பெல்ட் போட்டுவிட்டு நன்னிலம் பக்கத்தில் இருக்கும் தன் ஊரை நோக்கித் தனியாகக் கிளம்பினார்.

டவுனைத் தாண்டியதும் இருட்டு இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. அறுத்த வயல்களில் நின்ற தண்ணீரில் தவளைகள் இரைந்தன. குறுவை அறுப்பு முடிந்த நேரம். கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை நெல்லுக்கும் அதைக் காப்பவனுக்கும் ரோடுதான் வீடு. சாலையின் இடப்பாதியில் குவியல் குவியலாக நெல், மேலே நீலத் தார்ப்பாய், பறக்காமலிருக்க ஓரங்களில் கல். மழை வந்தால் காவலுக்கு இருப்பவனும் தார்ப்பாய்க்குள் புகுந்து சுருண்டுகொள்வான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு நெல் எது, ஆள் எது என்று தெரியாது.

முதல் தார்ப்பாய் விளக்கில் பட்டதும் இன்ஜின் சத்தம் ஒரு பிடி ஏறியது. துரைராசு குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் மிதியில் இல்லை. தார்ப்பாயைத் தாண்டியதும் சத்தம் தானாக இறங்கியது. புது மூளை, அதுதான் வேகம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது தார்ப்பாயிலும் ஏறியது. இந்த முறை ஸ்டியரிங்கும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது, கடை வாசலில் நின்றுவிட்ட குழந்தை கையைப் பிடித்து இழுப்பதைப் போல. ரோட்டின் சாய்மானம் என்றார், வாய்விட்டு. ஏசி போட்டு அடைத்திருந்த வண்டிக்குள் நனைந்து முளைவிட்ட நெல்லின் புளிச்ச வாடை வந்தது. அதற்கடியில் சாக்கு வாடை. அதற்கும் அடியில் மழையில் ஊறிய மனுச வியர்வை. மழை கழுவிவிட்ட வெறும் தார் ரோட்டில், டயருக்கு மேலே தகரத்தில் நெல்மணிகள் தெறிக்கும் சத்தம் மட்டும் சரசரவென்று கேட்டுக்கொண்டே வந்தது.

மகனுக்குப் போன் போட்டார். சிங்கப்பூர் வேலையை உதறிவிட்டு வந்து சாகுபடி செய்கிற ஒரே பிள்ளை, பரிதி. நெல் வேந்தர் குடும்பத்தில் சேற்றில் கால் வைத்தவன் அவன் ஒருவன்தான். பிளெக்ஸில் அவன் படம் கிடையாது.

“வணக்கம் வேந்தரே! கிரீடம் நனையாம இருக்கா?”

“விளையாடாத. எங்கடா இருக்க?”

“எங்க இருப்பேன், நெல்லோடதான். பாலத்துக்கு அந்தாண்ட. மழைக்கு எல்லாரும் படுதாக்குள்ள புகுந்துட்டோம். பாத்து வாங்கப்பா, நம்மளது கடைசிப் படுதா.”

“என்ன கலரு?”

“எல்லாமே நீலந்தாம்ப்பா.”

லைன் அறுந்தது. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

பாலத்துக்கு இப்பால் இருந்த டீக்கடையில் நிறுத்தினார். பிரேக்கை முழுக்க மிதித்த பிறகுதான் நின்றது. நின்ற இடத்திலேயே வண்டியின் மூக்கு நடுங்கியது. ரிஃப்காவைக் கூப்பிட்டார்.

“அந்த வண்டி என்ன கேஸும்மா?”

“ரோட்டுல நெல்லுக்குக் காவல் படுத்திருந்தவங்க மேல ஏறின வண்டிங்க.”

“ஒரு ஆளா?”

“ஒரு ஆள் இல்லைங்க. மொத படுதாவுல ஏறினதுமே கால எடுத்துட்டேன், வண்டிதான் நிக்கலன்னு அந்த டிரைவர் கோர்ட்ல அழுதாராம். யாரு நம்புவாங்க? டெஸ்ட் பண்ணிப் பாத்தோம், பெட்டியில ஒரு குறையும் இல்ல. நீங்க எதுக்கும் வண்டிய ஆஃப் பண்ணி அங்கயே போட்டுருங்கய்யா. நான் காலையில வர்றேன்.”

சாவியைத் திருப்பினார். அணையவில்லை. சின்ன உறுமல் என்று ஆரம்பித்தது ஓயவே இல்லை.

இறங்கி நடந்திருக்கலாம். பாலம் கூப்பிடு தூரம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“என்னங்க தலைவரே, வண்டி மக்கர் பண்ணுதா? பின்னாடி புடிச்சுத் தள்ளவா?”

இன்னொருவர் சிரித்தார். பட்டு வேட்டியைத் தொடைவரை தூக்கிக்கொண்டு மழையில் ஓடும் தன்னைத் துரைராசு ஒரு கணம் பார்த்தார். தன் வண்டிக்குத் தானே பயந்த தலைவர். விடிவதற்குள் நன்னிலம் முழுக்கத் தெரிந்துவிடும்.

“ஒண்ணுமில்லப்பா,” என்று கண்ணாடியை ஏற்றினார். சாவியைப் பழையபடி திருப்பி, பிரேக்கை விடாமல், நத்தையாக ஊர்ந்து போய்விடலாம் என்று பாலத்தில் ஏறினார்.

பாலம் இறங்கியதும் விளக்கில் தார்ப்பாய்கள். வரிசையாக. நீலம். நீலம். விளக்கு எட்டாத தூரம்வரை நீலம்.

இன்ஜின் மூச்சை இழுத்தது.

பிரேக்கை மிதித்தார். கல்லாக இறுகியிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கையோடு வந்தது. ஹார்னை அடித்தார். சத்தமில்லை.

“பரிதீ!”

அடைத்த கண்ணாடிக்குள் குரல் அவர் முகத்திலேயே வந்து விழுந்தது.

முதல் தார்ப்பாய். நடுவில் மேடு. மேட்டில் ஒரு மூலை கூராக நின்றது. நெல் அப்படி நிற்காது. மடக்கிய முழங்கால். ஓரத்தில், தார்ப்பாய்க்கு வெளியே மழையில், சேறு படிந்த ஒரு பாதம்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர். நீச்சல் தெரியாதே என்று ஒரு கணம் தன்னைப் பற்றி நினைத்தார். உண்மையைச் சொன்னால் இரண்டு கணம். பிறகு இரண்டு கையாலும், நெஞ்சாலும், தோளாலும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முறுக்கினார்.

ரோடு நழுவியது. குளிர். கறுப்பு. மூக்கு முழுக்கச் சேறு.

எப்படிக் கதவைத் திறந்தார் என்று தெரியவில்லை. கரைப் புல்லைப் பிடித்து முழங்காலில் ஏறிவந்தார். வண்டி தலைகுப்புறத் தண்ணீருக்குள் நின்றது. இன்ஜின் ரெண்டு முறை கொப்பளித்து ஓய்ந்தது. நம்ப முடியாமல் வண்டியின் முதுகில் கை வைத்துப் பார்த்தார். அசைவில்லை. செத்துவிட்டது. சேற்றில் உட்கார்ந்து அழுதார். மைக் இல்லை, கூட்டம் இல்லை, அசல் அழுகை. பிள்ளை பிழைத்தான்.

தவளைச் சத்தம் நின்றது.

வண்டியின் பின்விளக்குகள் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அந்தச் சிவப்பில் ரோட்டுத் தார்ப்பாய்கள் கறுப்பாகத் தெரிந்தன. ரோட்டில் வேறு எதுவும் இல்லை. மழை, தார், குவியல்கள்.

ரோட்டில் இன்ஜின் சத்தம் கேட்டது.

வாய்க்காலில் அல்ல. ரோட்டில். அவர் முகத்துக்கு நேரே, வெறும் மழைக்குள்.

முதல் தார்ப்பாயின் ஓரத்துக் கல் தானாக உருண்டது. தார்ப்பாய் அமுங்கியது. இரண்டு கோடாக. இரண்டு சக்கர அகலத்தில். அடியில் நெல் நறநறத்தது. கூராக நின்ற மூலை படுத்துக்கொண்டது. யாரோ தூக்கத்தில் புரண்டதைப் போல ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

இரண்டாவது தார்ப்பாய்.

கத்தினார். வாய் திறந்தது. சேறுதான் வந்தது.

மூன்றாவது. அவசரமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, கோடு பிசகாமல்.

எழுந்தார். வழுக்கியது. ஓடினார். விழுந்தார்.

வரிசையின் கடைசியில் ஒரு தார்ப்பாயின் ஓரம் தூக்கிக்கொண்டது. டார்ச் வெளிச்சம். தூக்கக் கலக்கத்தோடு பரிதியின் தலை வெளியே வந்தது. கண்ணுக்கு மேல் கை வைத்து, சத்தம் வரும் திசையைப் பார்த்தான்.

“அப்பாவா? ஏன் லைட்டு போடாம வர்றீங்க?”

எழுந்து உட்கார்ந்து, வருகிற வண்டிக்கு வழி காட்ட, இருட்டை நோக்கி டார்ச்சை ஆட்டினான்.

அவனுக்கு முந்தைய தார்ப்பாய் அமுங்கிக்கொண்டிருந்தது.