நாடிவளை கொடுத்த சம்மதம்

காலையில் பல் துலக்கியதும் இடது கையில் நாடிவளையை மாட்டிக்கொள்வேன். மாட்டாவிட்டால் ரேஷன் கடைக் கதவு திறக்காது, பஸ்ஸும் ஏற்றாது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத பொருளைத் தோலில் ஒட்டிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்காது. முப்பத்தோரு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவன் நான். சக்கரத்து நட்டு ஒவ்வொன்றையும் நானே முறுக்கிப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பேன். மெக்கானிக் சொன்னான் என்பதற்காக ஒரு நாளும் எடுத்ததில்லை.

பத்து மணிக்கு சகாயத்திடம் போய் உட்காருவேன். எங்கள் செண்பகா நகரை ஒட்டிப் பதினாலு ஏக்கர் காலி மனை கிடக்கிறது. அதன் ஓரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் அவனுடைய இஸ்திரி வண்டி. திசையன்விளைக்காரன். என்னைப் பார்த்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, கவிழ்த்துப் போட்ட பால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டுவான். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்பான். என் வீட்டில் நான் ஒருத்தன்தான். பேசுவதென்றால் இங்கே வந்து பேசினால்தான் உண்டு.

அந்த மனையில்தான் கலப்பு வளாகம் வரப்போவதாகப் பலகை வைத்தார்கள். கீழே கடை, நடுவில் ஆபீஸ், மேலே வீடு. பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தள்ளுவண்டிகளுக்கு அனுமதி இல்லை. நான் எப்போதும் அடியில் இருப்பதைத்தான் முதலில் படிப்பேன். பக்கத்தில், குடியிருப்பவர்களிடம் சம்மதம் கேட்க ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நான் இங்க குடியிருக்கவன் இல்ல. என்னைக் கூடாரத்துக்குள்ள விடமாட்டான். எனக்கும் சேத்து நீங்கதான் வேண்டாம்னு சொல்லணும்" என்றான் சகாயம்.

"என் வாயில சர்க்கரையக் கொட்டினாலும் வேணாம்னுதான்டா வரும்."

"வாய யாரு கேக்கா? நெஞ்சயில்லா கேக்கான்."

அவன் சொன்னது சரிதான். ஒரு காலத்தில் குடியிருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். பிரியாணிப் பொட்டலத்துக்குக் கையெழுத்துப் போட்ட தெருக்கள் உண்டு. அதனால் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது கையெழுத்தும் செல்லாது, வாய்ப்பேச்சும் செல்லாது. கூடாரத்தில் உட்காரவைத்து, வரப்போவதை மூன்று நிமிஷம் முன்காட்சியாகக் காட்டுவார்கள். உடம்பு இளகினால் ஏற்பு, இறுகினால் மறுப்பு. நாடிவளை குறித்துக்கொள்ளும். பாதிப் பேருக்கு மேல் உடம்பு இளகினால் கட்டடம் வரும். இதில் யாரும் ஏமாற்ற முடியாது என்றார்கள். ஒருவன் அப்படிச் சொன்னாலே நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிற ஆள்.

நானும் ஒரு ஏற்பாட்டோடுதான் போனேன். செருப்புக்குள் கூரான ஜல்லி ஒன்று. மூன்று நிமிஷமும் அதை அழுத்தி மிதித்தால் உடம்பு எப்படி இளகும்?

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க ஐயா" என்றது வாசலில் நின்ற பெண். ரெஹானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

உள்ளே மோர் கொடுத்தார்கள், தொடவில்லை. மல்லிகை வாசம் ஏதும் அடிக்கிறார்களா என்று மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. முன்காட்சிக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டியதும் கட்டடம் எழுந்தது. லிப்ட், விளக்கு, கண்ணாடிக் கதவு. கல் முட்டுக்கொடுத்த டயர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு டீக்கடை வந்தது. பெஞ்சில் யாரோ ஒருவன், நீலச் சட்டை, முறுக்கு மீசை. என்னைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டினான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

வெளியே வந்தால் ஒளிப்பலகையில் என் பெயர். வேதகிரி, நான்காம் தெரு: ஏற்பு.

"மிஷின்ல எவனோ கைய வச்சிருக்கான். நான் வேணாம்னு வந்தவன்" என்று கத்தினேன்.

"சட்டத்துல ரெண்டாவது தடவை உண்டுங்க. பாத்துடுவோம்" என்றது ரெஹானா. சலிக்காமல் திரும்பவும் உட்காரவைத்தது. இந்தத் தடவை என் நாடிக் கோட்டை எனக்கே காட்டியது. கட்டடம் எழும்போது கோடு முள்ளாக நின்றது. துண்டு பெஞ்சில் பட்ட இடத்தில் படுத்துவிட்டது.

"யாரும்மா அவன்?"

"யாருமில்லைங்க. நீங்க எந்த நேரம் நிம்மதியா இருக்கீங்கன்னு வளை ஒரு வருஷமா குறிச்சு வச்சிருக்கு. அந்த நேரம் தெருக் கேமராவுல என்ன இருக்கோ, அந்த அசைவ மட்டும் எடுத்துக் காட்சியில சேத்துக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். மனசுக்கு நெருக்கமா இருக்கணும்ல?"

"அது சகாயம்மா. இந்தக் கட்டடம் வந்தா அவனத்தான் முதல்ல தூக்குவீங்க."

"அது மிஷினுக்கு வேண்டாத விவரம் ஐயா. காட்சியப் பாத்து உங்க மனசு குளிர்ந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

குளிர்ந்தது. அதை எப்படி இல்லை என்பது?

நான் மரத்தடிக்குப் போவதற்குள் ஒளிப்பலகையில் வந்த சேதி அங்கேயும் தெரிந்துவிட்டது. சகாயம் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு சேலையை நீளமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய நம்புடா. அவன் உன் துண்டக் காட்டித்தான்..."

"துண்டா?" சிரித்தான். "நல்லாருக்கு. ஏசிக் கடையில டீ குடிக்க ஆசன்னா நேரா சொல்லிருக்கலாம்லா. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? நாடி பொய் சொல்லாது."

"பொய் சொல்லலடா. உன்னப் பாத்துத்தான் அது..."

உன்னைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு இளகுகிறது என்று ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையிடம் நடுத்தெருவில் எப்படிச் சொல்வான்? நான் உண்மையைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது திருட்டு முழி முழிப்பதாகத் தோன்றியது. மீசைக்காரன் இல்லாமல் வெறும் டீக்கடையைக் காட்டியிருந்தாலும் கோடு படுத்திருக்குமோ? மரத்தடியை விட்டால் மீதி நேரமெல்லாம் வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடக்கிறவன் நான். பிறரையெல்லாம் சந்தேகப்பட்டவன் இந்த நெஞ்சை ஒரு நாளாவது முறுக்கிப் பார்த்தேனா?

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று முப்பது பேருக்கு உடம்பு இளகியதாக அறிவித்தார்கள். அவரவருக்கு எதைக் காட்டினார்களோ. மனையைச் சுற்றித் தகரம் அடிக்க ஆரம்பித்தார்கள். மாதக் கடைசிக்குள் வண்டியை எடுக்கும்படி சகாயத்துக்கு நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸ் வந்த மறுநாள் பத்து மணிக்கு, இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். பால் பெட்டி அதே இடத்தில் இருந்தது. அதன் மேல் துணி மூட்டை இருந்தது. துண்டு அவன் தோளிலேயே கிடந்தது.

சட்டைகளை வாங்கி விரித்துப் பார்த்தான்.

"சாயந்தரம் வந்து வாங்கிக்கோங்க சார்" என்றான்.

பதினோரு வருஷத்தில் அவன் என்னை சார் என்றதில்லை. கையில் வளை லேசாக அதிர்ந்தது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இதையும் குறித்துக்கொண்டு நாளைக்கு எந்தக் காட்சியில் சேர்ப்பானோ, யார் கண்டது.