பதின்மூன்றாவது அம்பு

நாகமுத்து அழாக்குறையாகத் தையற்கடைக்குள் வந்தபோது, சூசைதாசன் காற்சட்டை இல்லாமல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தான். காற்சட்டை கொறற்றி அக்காவின் மெஷினில் கிடந்தது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் தொலைந்த நகை, மாறிப்போன பாஸ்போட் என்று தமிழர் வீட்டு வில்லங்கம் எதுவானாலும் கடைசியில் இந்தக் கடைக்குத்தான் வரும். அக்காவைக் காரில் ஏற்றி இறக்குவது மட்டுமே தன் வேலை என்று சூசைதாசன் ஒருநாளும் நினைத்ததில்லை. துப்பறிவதில் பாதி தன்னுடையது என்றே நம்பியிருந்தான்.

"அக்கா, என்னைக் கள்ள வேட்டைக்காரன் எண்டு சொல்லுறாங்கள்" என்றான் நாகமுத்து.

"இருங்கோ தம்பி. முதலிலையிருந்து வடிவாச் சொல்லுங்கோ."

நகரத்து எல்லையில் ஃபிராவ் கெஸ்லர் என்ற அம்மாள் நடத்தும் வில்லம்புக் கடையில் நாகமுத்துவுக்கு வேலை. வசந்தகாலத்தில் ஹெர் ரெம்ப்கே என்ற வாடிக்கையாளர் வந்தார். கனடாவுக்குப் போய், எருமையை விடப் பெரிய மூஸ் மானை, நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த ரிகர்வ் வில்லால் வேட்டையாட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"அம்பு தெரிவுசெய்யவே ரெண்டு நாள் போச்சுதக்கா" என்றான் நாகமுத்து. அந்தப் பேச்சு வந்ததும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அலுமினியக் குழாய் மெல்லிசெண்டால் கெதியாப் பறக்கும், ஆனால் பெரிய மிருகத்துக்குள்ளை இறங்காது. தடிச்ச குழாய்தான் பாரம், ஆழமா இறங்கும். வில்லின்ரை பலத்துக்கேற்ற விறைப்பும் வேணும். இல்லாட்டில் வில்லை விட்டு வெளிக்கிடேக்கையே வளைஞ்சு திசைமாறிப் போடும். ஆறு வகை எய்து பாத்து ஒண்டைப் பிடிச்சனாங்கள். பன்னிரண்டு வெட்டி, கத்திமுனையளை உருகுற பசையாலை ஒட்டிக் குடுத்தனான்."

"ஏன் உருகுற பசை?"

"பிறகு சூடுகாட்டி, முனையைத் திருப்பி நேராக்கலாமெல்லே."

வில்லங்கம் புதன்கிழமை வந்தது. பக்கத்துக் காட்டில் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. செத்து இரண்டு வாரமாவது இருக்குமாம். விலாவில் அலுமினிய அம்பு. ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடுவது குற்றம். அம்பைக் காட்டிக் கேட்ட பொலிசுக்கு, இது என் கைவேலைதான் என்று நாகமுத்து உள்ளதைச் சொல்லிவிட்டான். ரெம்ப்கேயோ தன்னிடம் பன்னிரண்டும் இருக்கிறதென்று எண்ணிக் காட்டிவிட்டார்.

"அப்ப இது பதின்மூண்டாவது. அதைச் செய்து எய்தது நான்தானாம். முதலாளியம்மா வேலைக்கு வரவேண்டாமெண்டிட்டா. திங்கள் விசா நீட்ட டெர்மின் தந்திருக்கினம், கந்தோருக்குப் போகவேணும். வேலைக் கடிதம் இல்லை, அதுக்கு மேலை பொலிஸ் வழக்கு. என்னைத் திருப்பி அனுப்பப் போறாங்களக்கா."

"முதலாளியம்மாதான் எய்திருப்பா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது.

"நீ முதலிலை காற்சட்டையைப் போடு" என்று அதை வீசிவிட்டு, அக்கா நாகமுத்துவைப் பார்த்தார். "அந்த ரெம்ப்கே இப்பவும் எய்து பழக வாறவரோ?"

"ஓம், ஒவ்வொரு சனியும் கடைக்குப் பின்னாலை. போன சனி பதினொண்டையே திருப்பித் திருப்பி எய்தவர். மற்றது அம்புக்கூட்டுக்குள்ளையே கிடந்தது."

அக்கா சிரித்தார். "நாளைக்குச் சனிதானே. சூசை, கார் கொண்டு வா. ஒரு மெழுகுதிரியும்."

மறுநாள் சூசைதாசன் நான்கு கொண்டுவந்தான். ஏன் என்று கேட்க மானம் விடவில்லை. வழியெல்லாம் பன்றி, பசை, மெழுகுதிரி என்று மனதுக்குள் கூட்டிக் கழித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

வில்லம்புக் கடைக்கு நாகமுத்துவையும் கூட்டிப்போன கொறற்றி அக்கா, பழக வந்திருந்த ரெம்ப்கேயிடம் ஜெர்மன் மொழியில் மிகப் பணிவாகப் பேசினார். "பயணத்துக்கு முன் நாகமுத்து எல்லா முனைகளையும் ஒருமுறை நேராக்கித் தரட்டும்."

"தேவையில்லை" என்றார் ரெம்ப்கே அவசரமாக.

ஃபிராவ் கெஸ்லர் புருவத்தை உயர்த்தினாள். "செவ்வாய்க்கிழமை கனடாவுக்குப் பறக்கிறீர்கள். ஏன் தேவையில்லை?" அவளே அம்புக்கூட்டை வாங்கி மேசையில் கவிழ்த்தாள்.

நாகமுத்து ஒவ்வொரு முனையையும் மெழுகுதிரிச் சுடரில் காட்டி, குறட்டால் திருப்பினான். வெண்ணெய்க்குள் கத்தி போல ஒவ்வொன்றும் திரும்பிக் கழன்றது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது அசையவில்லை. இன்னும் சூடுகாட்டி முறுக்கினான். அப்போதும் அசையவில்லை.

"இது நான் ஒட்டினதில்லை. ஒருக்கா இறுகினால் பிறகு உருகாத பசை" என்றான் தமிழில், எல்லோருக்கும் பொதுவாக.

அக்கா ஜெர்மனில் விளக்கினார். "நான் தையற்காரி. அதே துணியும் அதே நூலும் யாரும் வாங்கலாம். ஆனால் தையலைப் பார்த்தால் யாருடைய கை என்று தெரியும். இங்கே நாகமுத்துவின் கை பதினொன்றில்தான் இருக்கிறது. அவர் செய்த பன்னிரண்டாவது எங்கே? பன்றியின் விலாவில். பதின்மூன்றாவது என்று ஒன்று இருக்கிறதுதான். அதைச் செய்தவர் நீங்கள், ஹெர் ரெம்ப்கே. முனை கோணல் என்பதால் அது நேராகப் பறக்கவில்லை. அதனால்தான் அதை எய்யாமல் வைத்திருந்தீர்கள்."

ரெம்ப்கே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மிருகத்துக்குள் இந்த அம்பு இறங்குமா என்று அறியாமல் கனடாவரை போக மனம் வரவில்லையாம்; பன்றியில் எய்து பார்த்தாராம். அம்போடு ஓடிய பன்றியை இரவு முழுக்கத் தேடியும் காணவில்லையாம். அதன்பிறகு அதே அளவு இலக்கமுள்ள குழாய் ஒன்றைத் தபாலில் வரவழைத்து முனையை ஒட்டினாராம். நாகமுத்துவின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. சூசைதாசனுக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

ஃபிராவ் கெஸ்லர் பொலிசை அழைத்தாள். தொலைபேசியை வைத்துவிட்டு நாகமுத்துவின் பக்கம் திரும்பினாள். காது சிவந்திருந்தது.

"நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை" என்றாள். "திங்கட்கிழமை வேலைக்கு வா."

நாகமுத்து இல்லையென்று தலையை ஆட்டினான். "திங்கள் வர முடியாது. எனக்கு டெர்மின்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்கு."

"அப்படியானால் ஏழரைக்கு வாசலில் நில். கடையைப் பூட்டிவிட்டு நானும் வருகிறேன். இவன் என் வேலையாள் என்று அவர்களுக்கு நானே சொல்கிறேன்."

மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நாகமுத்து, எல்லோருக்கும் முன்னால் அழுதான்.