பரளச்சி ரோட்டு மில்

பூட்டிக் கிடந்த மில்லுக்குள் தூசி இல்லை.

சுகப்பிரியாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கைவிடப்பட்ட ஆலைகளைத் தேடிப்போய்ப் படம் எடுப்பவள் அவள். பூட்டிய கட்டடத்தில் தூசி எப்படிப் படியும், புறா எங்கே அடையும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பரளச்சி போகும் வழியில், சீமைக்கருவேலங்காட்டுக்குள் கிடந்த இந்த நூல் மில்லின் நீளமான கூடமோ, அப்போதுதான் பெருக்கிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது.

உடைந்த சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் கோட்டைச்சாமி கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உள்ள யாரு கூட்டினது?"

"உள்ளயா? நான் கேட்டத் தாண்டி வாரதே இல்ல தாயி. வெயில் சாயிறதுக்குள்ள வெளிய வந்துருங்க."

அவளுக்கு அவசரமில்லை. அம்மா போனபிறகு மதுரை வீட்டில் அவள் மட்டும்தான். எப்போது வந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. ஒருவேளை அதனால்தான் இந்தக் கட்டடங்கள் அவளுக்குப் பிடித்தன. இவற்றையும் யாரும் தேடி வருவதில்லை.

மெஷின்களை எப்போதோ இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். அவை நின்ற இடத்தில் துருப்பிடித்த போல்டுகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவள் குனிந்தும் மண்டியிட்டும் படம் எடுத்துக்கொண்டே போக, வெயில் மெல்லச் சாய்ந்து, கூரை ஓட்டைகள் வழியாக இறங்கிய வெளிச்சக் கம்பிகளில் வெள்ளையாக ஏதோ மிதந்து வந்து, அவள் புறங்கையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

பஞ்சு.

சூடான மெஷின் எண்ணெய் வாசனை எழுந்தது. காலடியில் சிமெண்டுத் தரை லேசாக அதிர்ந்தது. தூரத்தில் லாரி போகிறது என்று நினைத்தாள். லாரி போய்முடியவே இல்லை. அதிர்வு முழங்கால்வரை ஏறியது. வெறும் கூடம் முழுவதும் இரைந்தது.

மில் சங்கு ஊதியது.

வெறுங்கால்களின் ஓசை. நிறையக் கால்கள். அவளைச் சுற்றி வந்து நின்றன.

யாரும் இல்லை.

தலையில் ஒரு விரல் பட்டது. அத்தனை மெதுவாக. அத்தனை அன்பாக.

"முடியெல்லாம் பஞ்சு, பாரு."

பெண்குரல். காதோரம்.

"புதுசா வந்த புள்ள. போகப் போகப் பழகிரும்."

ஓடினாள். கதவு திறந்துதான் இருந்தது. எவ்வளவு ஓடியும் அது பக்கத்தில் வரவில்லை. சன்னலுக்குத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே, மில் வாசலிலிருந்து ஒருத்தி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். சுகப்பிரியா போட்டிருந்த அதே நீலச் சுடிதார். கழுத்தில் கேமரா.

சுகப்பிரியா தன் கழுத்தைத் தடவினாள். கேமரா இல்லை.

"வாரேன்ணே," என்றாள் வெளியே நின்றவள். சுகப்பிரியாவின் குரல்.

"பாத்துப் போங்க தாயி." கோட்டைச்சாமி கேட்டை இழுத்துப் பூட்டினார்.

சுகப்பிரியா கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் நிறையப் பஞ்சு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

ஸ்கூட்டரைக் கிளப்பியவள் ஒருமுறை சன்னலை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். ரோட்டில் ஏறி மதுரைப் பக்கம் திரும்பினாள்.

பின்னால், குளிர்ந்த கைகள் சுகப்பிரியாவின் கூந்தலை மூன்றாகப் பிரித்து, இறுக்கிப் பின்னத் தொடங்கின.